அன்றன்று கற்றதை அளந்த ஆசான் ஆண்ட்ரூ பெல்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பூக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் விளக்குகள் ஒளிவிடத் தொடங்கும் அந்நேரத்தில், புத்தகப் பையைச் சுமந்த சிறுவர் சிறுமியர் அன்னையின் கையைப் பற்றிக்கொண்டு வீடு திரும்புவர். இன்று பள்ளியில் என்ன படித்தாய் என்று அன்னை கேட்பார். ஒன்றுமில்லை என்று பிள்ளை விடையிறுக்கும். தேக்காவில் மட்டுமன்று, தோட்டத்துக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இந்த வினாவும் விடையும் நாள்தோறும் நிகழ்வனவே.

எளிய வினாதான். ஆயினும் இதற்கு உறுதியான விடை காண்பது எளிதன்று. ஆசிரியர் கற்பித்துவிட்டார் என்பது ஒன்று. பிள்ளை கற்றுக்கொண்டது என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அன்றன்றே அளந்தறிய வேண்டும் என்று முயன்று, அதற்கென ஒரு முறையையே வகுத்தவர் அறிஞர் ஆண்ட்ரூ பெல். அவர் அம்முறையை உருவாக்கிய இடம் இலண்டன் மாநகரமன்று. நம் முன்னோரில் பலர் கப்பலேறிப் புறப்பட்ட சென்னைப் பட்டினமே. அவருக்கு வழிகாட்டியவர்கள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ச் சிறுவர்கள். அவருடைய வரலாற்றை நாம் ஈண்டு அறிந்துகொள்வோம்.

பிறப்பும் இளமையும்

ஆண்ட்ரூ பெல் 1753ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் முடிதிருத்தும் தொழிலைச் செய்து வந்தவர். கைத்திறனும் கூரிய அறிவும் வாய்ந்தவர். அக்காலப் பள்ளிகளில் பிரம்பே ஆட்சி செய்தது. இன்று அடி விழுமோ விழாதோ என்று அஞ்சியவாறே சிறுவன் பெல் பள்ளிக்குச் செல்வது வழக்கம். அந்த அச்சத்தை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. பிற்காலத்தில் தாம் நடத்திய பள்ளியில் பிரம்புக்கு வேலை இருக்கலாகாது என்று அவர் கருதியதற்கு இவ்விளமைத் துன்பமே வித்தாயிற்று எனலாம்.

தம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் இயற்கை அறிவியலிலும் அவர் சிறந்து விளங்கினார். 1774இல் அமெரிக்காவிலுள்ள வெர்ஜீனியாவுக்குச் சென்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். 1781இல் தாயகம் திரும்பி, பின்னர்ச் சமய குருவானார். 1787ஆம் ஆண்டு மேலும் பொருளீட்டும் நோக்குடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கல்கத்தா செல்லும் எண்ணத்துடன் வந்தவர், சென்னையில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார்.

பெரியோர் வரலாற்றைக் கூறுங்கால் குறைகளை மறைத்தல் முறையன்று. பெல் பணத்தின்மீது பற்றுடையவர். பல படைப் பிரிவுகளுக்குக் குருவாக ஒரே காலத்தில் பதவி வகித்துப் பெரும் பொருள் சேர்த்தார். ஆயினும் அதே மனிதர்தாம், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்றபோது அதற்குரிய சம்பளம் வேண்டா என்று மறுத்தார்.

எழும்பூர்ப் பள்ளி

அப்பள்ளி சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆண் அனாதைப் பிள்ளைகளின் இல்லமாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிய ஐரோப்பிய வீரர்களுக்கும் பெரும்பாலும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்து, ஆதரவற்று நின்ற சிறுவர்கள் அங்கே வளர்க்கப்பட்டனர். எழும்பூரில் அந்நாளில் இருந்த சிறு கோட்டையில் அவ்வில்லம் நடைபெற்றது. இப்போது எழும்பூர் இரயில் நிலையம் அமைந்துள்ள பகுதி அதுவே.

பெல் அங்கு சென்று கண்டது என்ன? ஆசிரியர்கள் இருந்தனர், பாடமும் நடந்தது. ஆனால் பிள்ளைகள் கற்றது மிகக் குறைவு. அரிச்சுவடியைக் கடப்பதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்துத் தெரியும், எது தெரியாது என்று கேட்டால் ஆசிரியராலேயே கூற இயலவில்லை. பாடம் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது; கற்றதைக் கணக்கிடுவார் இலர்.

மணலில் கண்ட வழி

ஒரு நாள் பெல் குதிரைமீது சென்றுகொண்டிருந்தபோது, சென்னையை அடுத்த ஓரிடத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்று அழைத்தனர்; ஆகவே அவர் அதனை மலபார்ப் பள்ளி என்றே குறிப்பிட்டுள்ளார். அங்கே சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தனர்.

நம் திண்ணைப் பள்ளிகளில் இது வழிவழியாக வந்த வழக்கம். பிள்ளை எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே மணலில் எழுதும். எழுத்துக் கைவந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வரும். மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பர். அவருள் தலைமை தாங்குபவனைச் சட்டாம்பிள்ளை என்பர். ஆசிரியர் ஒருவரே இருந்தும் பள்ளி முழுவதும் இயங்கியதற்கு இவ்வேற்பாடே காரணம். இத்தகைய பள்ளிகள் தென்னாட்டில் ஊர்தோறும் இருந்தன. சென்னை மாகாணத்தின் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கத் தொடங்கிய கணக்கு, 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டிற்று.

மணலில் எழுதுவதன் சிறப்பை நாம் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு எழுத்துத் தெரியுமா என்பதை மணல் அந்தக் கணமே காட்டிவிடுகிறது. எழுத்து வந்தால் வந்தது, வாராவிடில் வரவில்லை. கூடி நின்று ஓதும் கூட்டத்தில் வாயசைத்து மறைந்துகொள்ள அங்கு வழியில்லை. பிழை நேர்ந்தாலோ அதனைக் கையால் அழித்துவிட்டு உடனே மீண்டும் எழுதலாம். அழித்த பிழை எங்கும் தங்குவதில்லை, தாளும் வீணாவதில்லை, அவமானமும் இல்லை.

பெல் விரைந்து எழும்பூருக்குத் திரும்பினார். கீழ் வகுப்பு ஆசிரியரிடம் மணலில் எழுதக் கற்பிக்குமாறு பணித்தார். அது நடவாத காரியம் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் மனந்தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்தார். அவன் ஒரு சாதாரணப் படைவீரரின் மகன். அகர வரிசை கற்கும் குழந்தைகளை அவன் பொறுப்பில் விட்டார். பெரியவரால் இயலாது என்று கைவிடப்பட்ட வேலையை எட்டு வயதுப் பிள்ளை செய்து காட்டினான். பின்னர் மற்ற வகுப்புகளுக்கும் மாணவர்களையே துணையாசிரியர்களாக அமர்த்தினார் பெல். பிறர்க்குக் கற்பிப்பவன் தானும் இருமுறை கற்கிறான் என்பது அவருடைய உறுதியான கொள்கையாயிற்று.

அன்றாடக் கணக்கு

மாணவரே மாணவர்க்குக் கற்பித்தல் என்னும் செய்தியைப் பலர் அறிவர். ஆனால் பெல்லின் முறைக்கு உயிராக விளங்கியது, அவர் ஏற்படுத்திய அன்றாடக் கணக்கேயாகும்.

முதலாவதாக, பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதி செவ்வையாக வந்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்லவேண்டும். அரைகுறையாக விட்டுச் செல்லுதல் ஆகாது என்று விதித்தார். சொற்களை அசைகளாகப் பிரித்து வாசிக்கப் பழக்கினார்.

இரண்டாவதாக, வகுப்பில் தேர்ந்த மாணவனையும் தேராத மாணவனையும் இணைத்து அமர்த்தினார். முன்னவன் பின்னவனின் பாடத்துக்குப் பொறுப்பாவான். தன் தோழன் ஒப்பிக்காவிடில் அது தன் குறையும் ஆகும் என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

மூன்றாவதாக, பதிவேடுகளை வைத்தார். ஒவ்வொரு மாணவனும் அன்று தொடங்கிய இடத்தையும் முடித்த இடத்தையும் தன் புத்தகத்தில் நாளிட்டுக் குறித்துக்கொள்வான். அன்று படித்த பாடம் எத்தனை, கடந்த பக்கம் எத்தனை என்பன பள்ளியின் ஏட்டில் பதியப்பட்டன. மாத இறுதியில் அவை கூட்டப்பட்டு முந்திய கணக்கோடு ஒப்பிடப்பட்டன. ஒரு வகுப்புப் பின்தங்கினால் அச்செய்தி ஆண்டுத் தேர்வு வரும்வரை காத்திருக்கவில்லை, உடனே தெரிந்தது.

நான்காவதாக, மாணவனின் இடம் நிலையானதாக இல்லை. ஒருவன் விடை கூறத் தவறினால், சரியாகக் கூறியவன் அவனுக்கு மேலிடத்தில் அமர்வான். தொடர்ந்து முன்னிடத்தில் இருப்பவன் மேல் வகுப்பின் கடைசி இடத்தில் அமர்த்திச் சோதிக்கப்படுவான். அங்கு நிலைத்து நின்றால் அதுவே அவன் வகுப்பு. தொடர்ந்து பின்னிடத்தில் இருப்பவனோ, தன் ஆற்றலுக்கு ஏற்ற கீழ் வகுப்பில் மீண்டும் பழகுவான்.

தவறுகளைக் குறிப்பதற்குத் தனியே ஒரு கறுப்பு ஏடும் இருந்தது. வாரந்தோறும் அதனைத் திறந்து, தவறிழைத்தவனின் குற்றத்தை உடன் பயிலும் மாணவர்களைக் கொண்டே விசாரித்தனர். அதனால் பிரம்பை எடுக்கும் தேவை குறைந்தது.

தோட்டத்தில் உழைக்கும் பெற்றோர்க்கு இவ்வன்றாடக் கணக்கின் பொருள் எளிதில் விளங்கும். காலையில் மரம் சீவியவர், சேர்ந்த பாலை நிறுவைக்குக் கொண்டுவருவார். அன்றைய உழைப்பின் பயன் அன்றே தெரியும். மாதக் கடைசியில் ஒரே நாள் மட்டும் நிறுத்துப் பார்த்தால், எந்த மரம் வற்றியது, எந்த நாள் மழையால் கெட்டது என்று எவர் அறிவார்? நிறை குறைந்ததென்றால் சீவிய கை சோம்பியது என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. மழை பெய்திருக்கலாம், மரம் கிழடாகியிருக்கலாம், கத்தியின் கூர் மழுங்கியிருக்கலாம். பிள்ளையின் பாடமும் அத்தகையதே. குறைவு எங்கே என்று காட்டுவதே அளவு. ஏன் குறைந்தது என்று ஆராய்வது ஆசிரியரின் கடமை.

உலகெங்கும் பரவிய முறை

உடல்நலம் குன்றியதால் பெல் 1796இல் சென்னையை விட்டு நீங்கினார். மறு ஆண்டே எழும்பூரில் தாம் கண்ட அனுபவங்களை ஒரு நூலாக இலண்டனில் வெளியிட்டார். 1798இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியிலிருந்த ஒரு திருச்சபைப் பள்ளி இம்முறையை முதன்முதல் மேற்கொண்டது. மதராஸ் முறை என்றே அது பெயர் பெற்றது.

அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காக மாணவர் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தி வந்தார். இம்முறையைக் கண்டவர் யார் என்பது குறித்து இருவருக்கும் அவர்தம் ஆதரவாளர்களுக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. திண்ணையில் அமர்ந்து மணலில் எழுதிய தமிழ்ச் சிறுவர்களை அப்பூசலில் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

1811இல் ஏழைகளின் கல்விக்கென இங்கிலாந்தில் தேசியச் சங்கம் அமைக்கப்பட்டது. அது பெல்லின் முறையை ஏற்று நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தது. 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் பெல் மறைந்தபோது, அவர் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டிருந்தன. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. தேடிய செல்வத்தில் 1,20,000 பவுனைக் கல்விக்கே எழுதி வைத்தார். அவர் பிறந்த ஊரில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு மதராஸ் கல்லூரி என்று பெயர். ஸ்காட்லாந்தின் கடற்கரையில் நம் சென்னையின் பெயர் இன்றும் வழங்கி வருகின்றது.

அளவுகோலும் வேலியும்

பெல்லின் முறையில் குறைகளும் இருந்தன. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கற்பிக்கலாம் என்பதனால், செலவு குறைவு என்றே பலர் அதனை விரும்பினர். நாளடைவில் கற்பித்தல் பொருளுணராத மனப்பாடமாகத் தேய்ந்தது. 1846 முதல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தும் வேறொரு திட்டம் இங்கிலாந்தில் அதன் இடத்தைப் பிடித்தது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஏழைப் பிள்ளைகள் அனைவரும் எழுத்தும் கணக்கும் முழுமையாகக் கற்கவேண்டியதில்லை. தம் சமயத்தை அறிய வாசிக்கத் தெரிந்தாலே போதும் என்னும் கருத்தைப் பெல் எழுத்திலேயே வெளியிட்டார். முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர், தம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு வகுத்தது நமக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது. எட்டு வயது ஃபிரிஸ்கன் எதுவரை செல்வான் என்று எவரும் முன்னறிந்து கூறவில்லை. வாய்ப்பளித்தபின் அல்லவோ அவன் ஆற்றல் தெரிந்தது!

பின்வந்தோர் அளவுகோலைத் தவறாகப் பயன்படுத்தியதும் உண்டு. இங்கிலாந்தில் 1862 முதல், ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் நடத்தும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறினர் என்று பார்த்து, அதற்கேற்பப் பள்ளிகளுக்கு அரசு பணம் கொடுத்தது. ஆசிரியர்களோ தேர்வில் வரும் பாடத்தை மட்டும் திரும்பத் திரும்ப உருப்போட வைத்தனர். அளவு கூடியது, அறிவு கூடவில்லை. அவ்வேற்பாடு அந்நூற்றாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது.

நம் சிங்கப்பூரில்

சிங்கப்பூரில் 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் சிங்கப்பூர் இலவசப் பள்ளி திறக்கப்பட்டது. அதில் தமிழ் வகுப்பும் இடம் பெற்றிருந்தது. ஆனால் அது நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் அப்பள்ளி பிராஸ் பசா சாலையிலிருந்த கட்டடத்துக்கு மாறி, ராஃபிள்ஸ் கல்வி நிலையமாக வளர்ந்தது. அது நின்ற இடத்தில் இன்று ராஃபிள்ஸ் சிட்டி என்னும் உயர்ந்த கட்டடம் நிற்கின்றது. தேக்காவிலிருந்து அங்கே நடந்தே சென்றுவிடலாம்.

இந்நகரிலும் அளவுகோல் பல உருவங்களை எடுத்துள்ளது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு 1960இல் தொடங்கியது. 1979ஆம் ஆண்டின் கோ கெங் சுவீ அறிக்கையைத் தொடர்ந்து, தொடக்கப்பள்ளியிலேயே பிள்ளைகளைத் தேர்ச்சிக்கேற்பப் பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பாடத்தில் வலிமையும் மற்றொன்றில் மெலிவும் உடைய பிள்ளை, எல்லாப் பாடத்திலும் ஒரே பிரிவில் அடங்கவேண்டியதாயிற்று. 2008இல் அப்பிரிவு முறை நீங்கி, பாடத்துக்குப் பாடம் தரம் பார்க்கும் முறை வந்தது. 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகள் இல்லை. 2023 முதல் அரையாண்டுத் தேர்வுகளும் நீக்கப்பட்டன.

தேர்வு போனதும் அளப்பதும் போயிற்றா என்று சில பெற்றோர் கவலையுறுகின்றனர். போகவில்லை, அது மீண்டும் அன்றாட வகுப்புக்கே திரும்பியுள்ளது. பாடம் தொடங்கும்போது, இன்று இன்னதைக் கற்போம் என்று ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். முடிவில் ஒரு துண்டுத்தாளில் இரண்டு வினாக்களுக்குப் பிள்ளைகள் விடையெழுதித் தருகின்றனர். சிறு வெண்பலகையில் விடையெழுதி உயர்த்திக் காட்டுவதும் உண்டு. எழுதுகின்றனர், காட்டுகின்றனர், அழிக்கின்றனர். திண்ணைப் பள்ளியின் மணலே வெண்பலகையாக வந்திருக்கிறது என்று நாம் கருதலாம். இருபது பேர் ஒரே பிழையைச் செய்தால் ஆசிரியர் மறுநாள் தம் பாடத்தையே மாற்றுகிறார். இரண்டு பேர் செய்தால் அவ்விருவரையும் அருகே அழைக்கிறார்.

அளந்தறிந்த குறையை நிறைவு செய்வதற்குச் சமுதாயமும் துணை நிற்கவேண்டும். இந்திய மாணவர்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டியபோது, 1991இல் சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தோன்றியது. சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் அதன் அலுவலகம் உள்ளது. எண்களைக் கண்டு இது நம் பிள்ளைகளின் தலைவிதி என்று அது சோர்ந்துவிடவில்லை. துணைப்பாட வகுப்புகளைத் தொடங்கியது. அளவு அங்கே வேலியாகாமல் வழிகாட்டியாயிற்று.

நாம் கொள்ளவேண்டியது

மாணவச் செல்வங்களே! இன்று வகுப்பில் உங்களுக்கு விளங்காதது எது என்று ஆசிரியர் கேட்கும்போது அஞ்சாமல் கூறுங்கள். விளங்கவில்லை என்று கூறுவதும் ஓர் விடையே. உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் தோழனுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுங்கள். ஃபிரிஸ்கனைப் போல நீங்களும் இருமுறை கற்பீர்கள்.

பெற்றோர்களே! நீங்கள் படிக்காதவர்களாயினும் கவலை வேண்டா. இரவு உணவு முடிந்தபின், இன்று கற்றதில் ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடு என்று பிள்ளையைக் கேளுங்கள். என்ன படித்தாய் என்னும் வினாவுக்கு ஒன்றுமில்லை என்று கூறிய பிள்ளை, சொல்லிக்கொடு என்றால் வாய் திறக்கும். தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். தடுமாறிய இடத்தை நினைவில் வைத்து ஆசிரியரிடம் தெரிவியுங்கள். பெல் பதிவேட்டில் குறித்த கணக்கும் அதுவே.

ஒரு நாளின் அளவு அந்த ஒரு நாளுக்கே உரியது. அது பிள்ளையின் வாழ்நாளை அளக்க வல்லதன்று. அன்றாடம் அளப்போம், குறை கண்ட இடத்தில் கை கொடுப்போம், எந்தப் பிள்ளைக்கும் எல்லைக்கோடு வகுக்காதிருப்போம். பெல் நமக்குக் காட்டிய நன்னெறியைப் போற்றி, அவர் தவறிய இடத்தில் நாம் தவறாது நடப்போமாக.